மனம் புண்படுவதும் மனிதர் பலியாவதும்

பேச்சுரிமை என்ற பெயரால் எவரும் எதனையும் பேசலாமா? நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஒருவர் மேடையேறி இழித்துரைக்கின்றார். வேறொருவர், முஸ்லிம்களின் கடைகளில் பொருள் வாங்காதீர், அவர்களுக்கு வீடு கொடாதீர் என்று ஊரைத் தூண்டுகின்றார். இருவரையும் சட்டம் வாளா பார்த்துக்கொண்டிருக்கலாமா? ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கூடும் இளைஞர் முதல், வீட்டிலிருந்து செய்தித்தாள் படிக்கும் தாய்மார் வரை, எல்லோர் உள்ளத்திலும் இவ்வினா எழுகின்றது.

வினாவிலேயே ஒரு சிக்கல் இருக்கின்றது. மேற்சொன்ன இரு பேச்சுகளையும் 'வெறுப்புப் பேச்சு' என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே தராசுத் தட்டில் வைத்து நிறுக்கின்றோம். முதலாவது பேச்சு நம் நெஞ்சைப் புண்படுத்துகின்றது. இரண்டாவது, நம் அண்டை வீட்டாரை நம்மீது ஏவுகின்றது. முதலாவதற்குச் சொல்லால் விடையிறுக்க வேண்டும். சட்டத்தின் கை இரண்டாவதன்மீதே விழ வேண்டும் என்பது எளியேனின் கருத்து. இதனை ஒப்பாத நல்லோர் நம்மில் பலர் உளர் என்பதை அறிவேன். பொறுமையோடு படித்துப் பார்க்க வேண்டுகின்றேன்.

லாகூரில் எழுந்த வழக்கு

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு நம் நாட்டில் எவ்வாறு பிறந்தது என்பதை இளைய தலைமுறையினருள் பலர் அறியார். 1924-ஆம் ஆண்டில் லாகூரில் உருது மொழியில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. அண்ணலாரின் இல்வாழ்வைக் கொச்சைப்படுத்தி எழுதப்பட்ட நூல் அது. அதன் பெயரை ஈண்டு எழுதவும் பேனா கூசுகின்றது. எழுதியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். வெளியிட்ட ராஜ்பால் என்ற புத்தக வணிகர்மீது வழக்குத் தொடரப்பட்டது. காந்தியடிகள் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தம் 'யங் இந்தியா' இதழில் அந்நூலைக் கண்டித்தெழுதினார்.

வழக்குக்கு அடிப்படையாயிருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153-ஏ பிரிவு. சமூகத்தாரிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் பிரிவு அது. கீழ்நீதிமன்றங்கள் ராஜ்பாலைக் குற்றவாளி என்றன. ஆயின் 1927 மே மாதத்தில் லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுதலை செய்தார். நூல் தீய நோக்குடையது என்பதை நீதிபதி மறுக்கவில்லை. மறைந்துவிட்ட ஒரு மதத்தலைவரைத் தாக்குவது வேறு, இன்று வாழும் ஒரு சமூகத்தார்மீது பகை மூட்டுவது வேறு. 153-ஏ பிரிவு பின்னதற்கே உரியது என்பது அவர் கொண்ட முடிவு.

பஞ்சாப் கொந்தளித்தது. லாகூரிலிருந்து வெளிவந்த 'முஸ்லிம் அவுட்லுக்' என்ற ஆங்கில நாளிதழ், நீதிபதி பதவி விலக வேண்டுமென்று எழுதியது. விளைவு யாது? அவ்விதழின் ஆசிரியர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார். எழுத்தைத் தண்டிக்க வேண்டும் என்று எழுதியவர் தம் எழுத்துக்காகச் சிறை புகுந்தார். நூலை வெளியிட்டவரோ வெளியே இருந்தார்! அதே ஆண்டு ஆகஸ்டில், அமிர்தசரசில் வெளியான வேறோர் இதழ் தொடர்பான வழக்கில், அதே உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறான தீர்ப்பளித்து, இத்தகைய எழுத்தும் 153-ஏ பிரிவுக்குள் அடங்கும் என்றனர். எனினும் புதுச்சட்டம் வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. 1927 செப்டம்பரில் மத்திய சட்டசபை 295-ஏ என்ற புதிய பிரிவை நிறைவேற்றியது.

அன்று அச்சபையில் உறுப்பினராயிருந்த முஹம்மது அலி ஜின்னா, மசோதாவை ஆதரித்தவர்தாம். ஆயினும் வரலாற்று ஆய்வு செய்வோரும், ஒரு மதத்தை நேர்மையோடு விமர்சிப்போரும் இச்சட்டத்தில் அகப்பட்டுவிடலாகாது என்று எச்சரித்தார். அதனாலன்றோ, 'வேண்டுமென்றும் தீய எண்ணத்தோடும்' செய்யப்பட்டதாயின் மட்டுமே குற்றம் என்ற நிபந்தனை அப்பிரிவில் இடம்பெற்றது! 1957-இல், முஸ்லிம்களை இழித்தெழுதிய 'கௌரட்சக்' என்ற மாத இதழின் ஆசிரியர் ராம்ஜி லால் மோடியின் வழக்கில் நமது உச்சநீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், கவனக்குறைவாலோ கருதாமலோ நேரும் புண்படுத்தல் இதில் அடங்காது என்று விளக்கியது.

சட்டம் வந்தும் லாகூரில் அமைதி வரவில்லை. 1929 ஏப்ரலில் இல்முத்தீன் என்ற இளைஞர் ராஜ்பாலை அவர் கடையிலேயே குத்திக் கொன்றார். அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவரை வீரர் என்று போற்றுவோர் இன்றும் உளர். நான் அவ்வாறு போற்றவில்லை. நபிநிந்தனை பற்றி பிக்ஹு நூல்களில் தனிப்பாடம் உண்டு என்பது மதரஸாவில் ஓதியோர் அனைவரும் அறிந்ததே. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்துக்கும் ஏனைய இமாம்களின் கருத்துக்கும் அதில் வேற்றுமைகளும் உண்டு. ஆயின் தண்டனை வழங்குவது ஆட்சியாளரும் காஜியும் விசாரித்துச் செய்ய வேண்டிய கடமை. தெருவில் செல்வோன் கத்தியெடுத்துச் செய்வதற்கில்லை. இது மத்ஹபுகளின் பொது நெறி.

அந்த ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றுள் எது பயனளித்தது என்று எண்ணிப் பார்க்கின்றேன். அமிர்தசரசின் அஹ்லெ ஹதீஸ் ஆலிம் மௌலானா சனாவுல்லா அவர்கள் அந்நூலின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்து மறுத்து 'முகத்தஸ் ரசூல்' என்ற நூலை எழுதினார்கள். அவர்களுடைய வழி என் வழியன்று. ஆயினும் சொல்லுகின்றேன், அந்தக் காலத்தில் அறிஞர் செய்த செயல் அதுவே.

லாகூர் பின்னர் பாகிஸ்தானுக்குள் அமைந்தது. 295-ஏ பிரிவும் அங்கே தொடர்ந்தது. 1986-இல் அதனோடு 295-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, நபிநிந்தனைக்கு மரணம் வரை தண்டனை விதிக்கப்பட்டது. ஜின்னா வற்புறுத்திய 'தீய எண்ணம்' என்ற நிபந்தனை புதிய பிரிவில் காணப்படவில்லை. 2009-இல் பழத்தோட்டத்தில் கூலிவேலை செய்த ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கும் உடன் வேலைசெய்த பெண்களுக்கும் குடிதண்ணீர் தொடர்பாக எழுந்த பூசல், நபிநிந்தனை வழக்காக முடிந்தது. 2010-இல் மரண தண்டனை. அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் 2011 ஜனவரியில் தம் மெய்க்காவலனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 31 அன்று, சாட்சியம் நம்பத் தக்கதன்று எனக் கூறி அந்நாட்டு உச்சநீதிமன்றம் அப்பெண்ணை விடுவித்தது. எட்டாண்டுகள் மரணக் கொட்டடியில் கழிந்திருந்தன. அந்த எட்டாண்டுகளால் அண்ணலாரின் கண்ணியம் எவ்வளவு உயர்ந்தது?

முதற்புகார் எவர்மீது?

'எங்கள் மத உணர்வு புண்படுகின்றது' என்று நம் மார்க்க வரலாற்றில் முதன்முதலில் புகார் கூறியவர் யார், எவர்மீது கூறினர் என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். மக்கத்துக் குறைஷித் தலைவர்கள் அபூதாலிபிடம் சென்றார்கள். உம் சகோதரர் மகன் எங்கள் தெய்வங்களை ஏசுகின்றார், எங்கள் முன்னோர் வழிதவறியோர் என்கின்றார், எங்கள் நெறியைப் பழிக்கின்றார். அவரைத் தடுத்து நிறுத்தும், அன்றேல் எங்களிடம் விட்டுவிடும் என்றார்கள். ஏகத்துவ அழைப்பே அவர்களுக்குப் புண்படுத்தும் பேச்சாக இருந்தது! ஆம், நம் கலிமாவின் முற்பகுதி வணக்கத்துக்குரியவன் வேறெவனுமில்லை என்ற மறுப்பிலேயே தொடங்குகின்றது. நாளைந்து வேளை பாங்கில் அதனை உரக்க ஒலிக்கின்றோம். கேட்போர் மனம் புண்பட்டால் பேசியவன் குற்றவாளி என்பது சட்டமாகுமாயின், முதலில் விலங்கு மாட்டப்படும் நா எவருடையதாக இருக்கும்?

சுஹைல் இப்னு அம்ரு குறைஷியரின் பெரும் பேச்சாளர். அண்ணலாருக்கு எதிராக மக்களைத் திரட்டியவர். பத்ருப் போரில் கைதியானார். உமர் (ரலி) அவர்கள், இவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட அனுமதி தாருங்கள், இனி எங்கும் தங்களுக்கெதிராகச் சொற்பொழிவாற்ற இயலாது என்றார்கள். அண்ணலார் மறுத்துவிட்டார்கள். எவரையும் அங்கஹீனம் செய்யேன் என்றும், இவர் ஒருநாள் நீர் குறைகூற முடியாத இடத்தில் நிற்கக்கூடும் என்றும் நவின்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதே சுஹைல்தாம் பின்னர் ஹுதைபியா உடன்படிக்கையில் 'இறைத்தூதர்' என்ற சொல்லை அழிக்கச் சொன்னவர். அண்ணலார் அதனையும் அழிக்கச் செய்தார்கள். மக்கா வெற்றிக்குப்பின் சுஹைல் இஸ்லாத்தைத் தழுவினார். அண்ணலார் மறைந்த செய்தி எட்டி மக்கா நகரம் ஆட்டங்கண்டபோது, எழுந்து நின்று பேசி மக்களை நிலைநிறுத்தியது அந்த நாவே.

எதிரிகளின் வசைக்கவிகளுக்கு அண்ணலார் சட்டம் தேடவில்லை. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள். கவிக்குக் கவியே விடையாயிற்று. இனி வருவதைக் கூர்ந்து நோக்குங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர் கட்டிவிட்ட அவதூறு மதீனாவில் பரவியபோது, அதில் தம் நாவையும் கலந்துவிட்டோரில் ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் ஒருவர். இறைமறையின் 24-ஆம் அத்தியாயம் அருளப்பட்டபின், அவதூறு சுமத்தியோருக்கு எண்பது கசையடி என்ற தண்டனை அவருக்கும் வழங்கப்பட்டதை அபூதாவூத் முதலிய ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். தம்மை ஏசியோரைப் பொறுத்த அதே நபி (ஸல்) அவர்கள், வாழும் ஒரு பெண்ணின் மானம் தாக்கப்பட்டபோது, தமக்காகக் கவிபாடியவர் என்றும் பாராமல் தண்டித்தார்கள். நான் தொடக்கத்தில் கூறிய வேற்றுமைக்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. (பின்னாளில் ஹஸ்ஸான் அவர்களை யாரேனும் ஏசினால் அன்னையார் தடுப்பார்களாம், அவர் அண்ணலாருக்காக வாதாடியவர் என்று கூறி. அது அவர்களின் பெருந்தன்மை.)

நபிமொழியையும் இறைவசனங்களையும் பரிகசிக்கும் கூட்டத்தைக் கண்டால் நாம் செய்ய வேண்டியதையும் திருமறை 4-ஆம் அத்தியாயத்தின் 140-ஆம் வசனம் கூறுகின்றது. அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும்வரை அவர்களோடு அமராதீர் என்பது அதன் கருத்து. எழுந்து வந்துவிடுதல்! அதற்குமேல் அங்கே கட்டளை இல்லை.

அம்பாறையில் ஒரு மாவுக்கட்டி

இனி, உயிரைப் பறிக்கும் பேச்சுக்கு வருவோம். ருவாண்டா நாட்டில் ஒரு வானொலி துத்சி இனத்தாரைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள்தோறும் அழைத்தது; 1994-இல் ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவ்வானொலியை நடத்தியோரைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003-இல் தண்டித்தது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை; நம் இலங்கைச் சகோதரர்களின் நிலையைப் பாருங்கள்.

2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு வந்த சிங்கள வாடிக்கையாளர், உணவில் ஏதோ கட்டியைக் கண்டு, மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கின்றது என்று கூச்சலிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி ஏதோ தடுமாறிக் கூறினார். அது ஒப்புதல் வாக்குமூலம்போலப் படம்பிடிக்கப்பட்டு முகநூலில் நாடெங்கும் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சில நாள்களில், சாலைத் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநர் இறந்துபோக, கண்டி மாவட்டம் திகனையில் தீ மூண்டது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6 அன்று நெருக்கடிநிலை அறிவித்து, முகநூல் முதலியவற்றை அரசு முடக்கியது. பின்னர் அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்து, அந்தக் கட்டி வெறும் மாவு என்றார். மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இருந்ததே இல்லை. முகநூல் நிறுவனம் 2020-இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கோரியது.

அந்தப் பேச்சில் நம் மார்க்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இறைவனை ஏசவில்லை, நபியை ஏசவில்லை. ஒரு கடைக்காரரைக் காட்டி, இவர்கள் உங்கள் சந்ததியை அழிக்க வந்தவர்கள் என்றது. அதுவே போதுமாயிருந்தது.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. இன, மதப் பகைமையைத் தூண்டுவதைத் தண்டிக்க 2007-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம் இருக்கின்றது. நல்ல சட்டம். ஆயின் அதில் சிக்கியோர் யார்? 2019 ஏப்ரலில், பௌத்த மடத்து வாழ்வைப் பற்றிச் சிறுகதை எழுதினார் என்று சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதாகி ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண், தம் ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்ததற்காகக் கைதானார். காவலர் கண்ணுக்கு அது தர்மச்சக்கரமாகத் தெரிந்ததாம்! மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னப் ஜஸீம், 2017-இல் வெளியிட்ட 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார். வன்முறையைக் கண்டித்த கவிதைகளும் அத்தொகுதியில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

எது பேச்சு, எது தூண்டல் என்ற எல்லையைத் தெளிவாக வகுக்காத சட்டம், கையில் கோலுடையோர் விரும்பும் பக்கமே சாயும். எண்ணிக்கையில் சிறுபான்மையினராகிய நாம் அகன்ற சட்டத்தைக் கேட்பது, நமக்கு நாமே வலை பின்னுவதாகும்.

நம் மிம்பர்களைப் பற்றியும் ஒரு சொல்

இவ்விடத்தில் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பிற சமயத்தார் வணங்குவனவற்றை ஏசாதீர் என்று திருமறை 6-ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம் தடுத்திருக்க, நம்மவர் சிலர் மேடைகளில் அவர்தம் தெய்வங்களை எள்ளி நகையாடுவதும், கூட்டம் சிரிப்பதும், அது கைப்பேசிகளில் உலா வருவதும் நடைபெறுகின்றன. இன்னும் கொடியது, நமக்குள் நிகழ்வது. மௌலூது ஓதுவோரை மற்றவர் காஃபிர் என்பதும், ஓதாதோரை இவர்கள் காஃபிர் என்பதும், சம்பந்தம் முறிப்பதும், ஊர்விலக்கு வைப்பதும், மய்யித்தை அடக்க இடம் மறுப்பதும் எத்தனை ஊர்களில் கண்டோம்! 'முஸ்லிம்களிடம் வாங்காதீர்' என்பது குற்றமாயின், 'இன்ன ஜமாஅத்தாரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது' என்பது எந்தக் கணக்கில் சேரும்?

சட்டமும் புகாரும்

நம் நாட்டு அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையை வழங்கி, பொது ஒழுங்கு முதலியவற்றுக்காக நியாயமான வரம்பிடவும் இடமளிக்கின்றது. வரம்பு எங்கே என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கொன்றே அளவுகோல் தந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற திரைப்படத்தைத் தடுத்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை 1989-இல் உச்சநீதிமன்றம் நீக்கியபோது, பேச்சுக்கும் கேட்டுக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்தில் தீப்பொறி விழுவதுபோல நேரானதாக இருக்க வேண்டும் என்றும், வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து பேச்சைத் தடுக்கலாகாது என்றும் கூறியது. அம்பாறைக் காணொளி வெடிமருந்தில் விழுந்த பொறி. மார்க்கத்தை மறுத்தெழுதும் நூல், எத்துணைக் கசப்பானதாயினும், அவ்வாறன்று.

சில வேளைகளில் இரண்டும் பின்னிப் பிணைந்து வரும் என்பதும் உண்மை. அண்ணலாரை ஏசுவோர் பலரின் உட்கருத்து, அவரைப் பின்பற்றுவோர் இந்நாட்டில் வாழத் தகுதியற்றோர் என்பதே. அங்ஙனமாயின் அந்த உட்கருத்து வெளிப்படும் சொல்லை எடுத்துக் காட்டி வழக்கிடுவோம்.

பழைய 153-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-ஆம் பிரிவாகவும், 295-ஏ பிரிவு 299-ஆம் பிரிவாகவும் இருக்கின்றன. பகை மூட்டும் பேச்சின்மீது, புகார் வராவிடினும் காவல்துறை தானே வழக்குப் பதிய வேண்டும், பேசியவரின் மதம் பார்க்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று மாநில அரசுகளுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஆயின் வழக்குப் பதிந்தாலும், இவ்விரு பிரிவுகளிலும் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். சாவி அரசின் கையில் இருக்கின்றது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். புகார் எழுதும்போது 'எங்கள் சமுதாயத்தின் மனம் புண்பட்டது' என்று நான்கு பக்கம் நிரப்பாதீர்கள். வந்த காணொளி மெய்யானதா என்று முதலில் விசாரியுங்கள். 49-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் அதனைக் கடமையாக்கியிருக்கின்றது. பிறகு இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார், இன்ன தெருக் கடைகளைப் புறக்கணிக்கும்படி, அல்லது இன்ன மக்களைத் தாக்கும்படி, இன்ன சொற்களில் கூறினார் என்று எழுதுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால், அதனையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்ய வழியுண்டு. நகலும் அஞ்சல் ரசீதும் பள்ளிவாசல் பதிவேட்டில் இருக்கட்டும்.